டிரையத்லான்: முதல் சைக்கிள் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் ஓடிப் பழகியாச்சு, நீச்சலும் கைவந்துவிட்டது. 2019-இல் கோவாவில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டி மீதும் ஒரு கண். மிச்சம் ஒரே கேள்வி: எந்த சைக்கிள்?

சைக்கிள் ஏன் முக்கியம்?

70.3 போட்டியில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்த தூரத்தில் 80% சைக்கிளில்தான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் நாலரை மணி நேரம்; 25 கி.மீ. என்றால் 3 மணி 36 நிமிடம். வித்தியாசம் 54 நிமிடம்.

ஆனால், புதியவர்கள் தொடங்கும் ஸ்பிரிண்ட் பிரிவில் சைக்கிள் தூரம் 20 கி.மீ. மட்டுமே. அதே கணக்கில் வித்தியாசம் 12 நிமிடம்தான். அதற்கு வீட்டில் இருக்கும் கியர் சைக்கிளே போதும்.

டிரையத்லான் பைக் வாங்கலாமா?

முதல் சைக்கிளாக வேண்டாம். அதில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும்போது கியர் கைக்குப் பக்கத்தில் இருக்கும், பிரேக் தள்ளி இருக்கும். காலியான சாலையில் இது வேகம் தரும். தாராவி 90 அடி சாலையில் குறுக்கே ஆட்டோ வந்தால்? விலையும் லட்சங்களில்.

அப்போ எது சரி?

வளைந்த ஹேண்டில்பார் உள்ள அலுமினிய ரோடு பைக். முழங்கை ஊன்றும் கம்பியைப் பின்னாளில் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

- அளவு: இதுதான் முதல் விஷயம். தள்ளுபடிக்காக அளவு மாறி வாங்கினால் முதுகும் முட்டியும் வலிக்கும். ஃப்ரேமின் இருபுறமும் காலூன்றி நில்லுங்கள். மேல் கம்பிக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.
- டயர்: ஈஸ்டர்ன் ஃப்ரீவே, பாந்த்ரா-வொர்லி சீ லிங்க் இரண்டிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பயிற்சி முழுக்க பள்ளம் உள்ள சாதாரண சாலைகளில்தான். 28 மி.மீ. அல்லது அதைவிட அகலமான டயர் நல்லது.
- பிரேக்: மழைக்காலத்தில் டிஸ்க் பிரேக் நம்பகமானது.
- வைக்கும் இடம்: ஏணிப்படி ஏறும் சின்ன வீடா? சக்கரத்தைச் சுலபமாகக் கழற்ற முடியுமா, சுவரில் மாட்டலாமா என்று பாருங்கள். வெளியே நிறுத்தினால் கடல் காற்றில் செயின் துருப்பிடிக்கும்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. அந்த மிச்சத்தில் ஹெல்மெட், விளக்கு, பம்ப், கூடுதல் டியூப் வாங்குங்கள். ஹெல்மெட் இல்லாமல் போட்டியில் சைக்கிளே ஓட்ட முடியாது.

ஒரு போட்டியை முடித்த பிறகும் ஆசை குறையவில்லையா? விலை உயர்ந்த சைக்கிளைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.