நின்றுபோனாலும் விடாதீர்கள்

ஒருநாள் காலையில் ஒருவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடிக்கிறார், மறுநாள் தெளிந்துவிடுகிறது. நான் அஞ்சுவது இந்த நிம்மதியைத்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ரத்தம் பெரும்பாலும் இப்படித்தான்: வலிக்காமல் வரும், தானே நிற்கும், மாதங்கள் கழித்தும் திரும்பும்.

வலித்தால் ஆள் தானாகவே டாக்டரிடம் ஓடுவார். விலாவிலிருந்து தொடையிடுக்கு வரை சுருட்டிப் பிடித்தால் கல்லாக இருக்கலாம். எரிச்சலும் காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித்தொற்று. தொண்டைப்புண்ணோ சிரங்கோ வந்த குழந்தைக்குச் சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் சிறுநீரக அழற்சி. அன்றே காட்ட வேண்டும்.

சிவப்பெல்லாம் ரத்தமல்ல. பீட்ரூட்டும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் நிறத்தை மாற்றும். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப்புலத்தில் மூன்று சிவப்பணுக்களோ அதற்கு மேலோ தெரிந்தால்தான் ரத்தம் என்று கணக்கு. ஒரு லிட்டர் சிறுநீரைச் சிவக்கவைக்க ஒரு மில்லிலிட்டர் ரத்தம் போதும்; நிறத்தின் அடர்த்தியை வைத்து நோயின் அளவை எடைபோட முடியாது.

1895-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். இன்று இந்தப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் புகையிலை: சிகரெட்டின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் இறங்கி, பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. பெண்களுக்கும் இந்த நோய் வரும். ‘இன்ஃபெக்‌ஷன்’ என்று திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தே பல பெண்களுக்கு நோய் தாமதமாகப் பிடிபடுவது பெருங்கொடுமை. சிறுநீர் கல்ச்சர் சோதனையில் கிருமி இல்லையென்றால் அடுத்து என்ன சோதனை என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

ஸ்கேனில் சிறு கட்டிகள் தப்பிவிடலாம். அதனால்தான் சிஸ்டோஸ்கோப்பி: மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவி, கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்த்தாரை வழியே செலுத்திப் பையின் உட்சுவரைப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. மேலோட்டமான கட்டியென்றால் அதே வழியில் சுரண்டி எடுத்துவிடலாம். திரும்ப வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் அதே பி.சி.ஜி. கிருமியைப் பைக்குள் செலுத்துகிறார்கள். 1976 முதல் கைகொடுக்கும் மருத்துவம் இது.

டாக்டரிடம் போகும்போது, ரத்தம் தொடக்கத்தில் வந்ததா, கடைசியிலா, முழுக்கவா என்று சொல்லுங்கள். செல்போனில் படம் இருந்தால் காட்டுங்கள். ரத்தம் கட்டிகட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.