நிற்கும் மோட்டார் சைக்கிளும் நமது முதல்தான்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளல்ல. தராசும் கணக்குக் கொப்பியும் போல அதுவும் ஒரு தொழிற் கருவிதான். இறக்குவானையிலும் காவத்தையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் கடை வைத்திருப்பவர்கள் தோட்டத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சாமான் கொடுப்பதும், சம்பள நாளை ஒட்டி லயன்களுக்குப் போய்க் கடன் பணம் சேர்ப்பதும், புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறுவதும் இந்த இரண்டு சக்கரத்தை நம்பித்தான். பஸ் போகாத தோட்டப் பாதைக்கும் இது போகும்.

ஓடும் வண்டியை நாம் ஓரளவு கவனிக்கிறோம். ஓடாமல் நிற்கும் வண்டியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நிற்கும் வண்டிக்குச் செலவில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில், பாவிக்காமல் நிற்கும் காலத்தில்தான் வண்டி சத்தமில்லாமல் நமது பணத்தைத் தின்கிறது.

வண்டி நிற்கும் சந்தர்ப்பங்கள் நம்மிடம் குறைவல்ல. ஹஜ்ஜுக்குப் போனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஜமாஅத்தில் போவோருக்கு 40 நாள் அல்லது நான்கு மாதம். மாணிக்க வியாபாரிகள் கல் வாங்க மடகஸ்கார் வரை போய்ப் பல மாதங்கள் தங்குகிறார்கள். மத்திய கிழக்குக்குத் தொழிலுக்குப் போகும் பிள்ளைகளின் வண்டி இரண்டு வருடம் கூட நிற்கிறது. நோய், கால் முறிவு என்பனவும் உண்டு.

இவை தனிப்பட்டவர்களின் காரணங்கள். நாடே வண்டிகளை நிறுத்திய காலங்களையும் நாம் கண்டோம். 2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனா காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு ஜூன் 26இல் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. மறுநாளே அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரம் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பின்னர் கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த முறை 2023 செப்டெம்பரில் நீங்கியது. பெற்றோல் தாராளமாகக் கிடைத்த பிறகும் பல வண்டிகள் உடனே கிளம்பவில்லை. கராஜ்களில் வரிசையாக நின்றவை விபத்தில் அடிபட்டவை அல்ல, நின்று கெட்டவை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிளின் பெறுமதி எவ்வளவு ஏறியது என்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரியும். இருப்பதைப் பாதுகாப்பதும் சம்பாதிப்பதில் ஒரு பகுதி என்பதை அந்த ஐந்து வருடம் நன்றாக உணர்த்தியது.

ஏன் கெடுகிறது?

இரத்தினபுரிப் பகுதியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் உண்டு. பகலில் சூடும் இரவில் குளிருமாக இருப்பதால் பெற்றோல் தாங்கியின் வெற்றிடத்தில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளியாகிறது. தாங்கியின் உட்பக்கம் துருப்பிடிப்பது இப்படித்தான்.

பெற்றோலும் பழுதாகும் பொருளே. அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சுவது பிசின் போலக் கட்டியாகிறது. காபரேட்டருக்குள் இருக்கும் ஜெட் துவாரம் ஊசி முனை அளவானது. கொஞ்சப் பிசின் போதும், அது அடைபட்டுவிடும். பற்றரியோ பாவிக்காமல் இருக்கும்போதே தானாகச் சார்ஜ் இறங்கும். சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அதன் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பற்றரி பழைய நிலைக்கு வராது.

நிறுத்துவதற்கு முன்

முதலில் வண்டியை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட்டு, பின் சிறிது தூரம் ஓட்டி முழுவதும் உலரச் செய்யுங்கள். தோட்டப் பாதையின் சேறு மட்கார்டுக்குள் இருந்தால் அங்கே துரு பிடிக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஒயிலை இறக்கிப் புதியதை ஊற்றுங்கள். ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் நிற்பது நல்லதல்ல.

இரண்டு, மூன்று மாதத்துக்குத்தான் நிற்கப்போகிறது என்றால் தாங்கியைப் புதிய பெற்றோலால் ஏறத்தாழ நிரப்புங்கள். வெற்றிடம் குறைந்தால் ஈரமும் குறையும். அதற்கு மேற்பட்ட காலமாயின், அல்லது வண்டியைக் கடைக்குள்ளோ குசினிக்கு அருகிலோ வைக்க வேண்டியிருந்தால், பெற்றோலை முழுவதும் இறக்கி வேறு வண்டிக்குப் பாவித்துவிடுங்கள். வீண்விரயமும் இல்லை, தீ அபாயமும் இல்லை. வெறுமையான தாங்கிக்குள் கொஞ்சம் எஞ்சின் ஒயிலை ஊற்றி வண்டியை இரு பக்கமும் சாய்த்து எல்லா இடமும் படச் செய்ய வேண்டும். எப்படியாயினும் பெற்றோல் டெப்பை மூடி, காபரேட்டரின் அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தி அதிலுள்ள பெற்றோலை வடித்துவிடுவது கட்டாயம். மொத்த வேலையில் மிக முக்கியமானது இந்த ஐந்து நிமிட வேலைதான்.

நீண்ட காலமாயின் பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை அந்தத் துவாரத்தில் விட்டு, சுவிட்சைப் போடாமல் கிக்கரை நான்கைந்து தரம் மெதுவாக மிதித்து, பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள். சிலிண்டரின் சுவரில் ஒயில் படிந்து துருவைத் தடுக்கும்.

பற்றரியைக் கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், அதாவது மைனஸ் பக்கம். திரும்பப் பூட்டும்போது அது கடைசி. மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். 5 ஆம்பியர் மணி பற்றரிக்கு அரை ஆம்பியர் அளவே போதும். லொறி பற்றரிக்கு ஏற்றும் வேகத்தில் ஏற்றினால் சின்னப் பற்றரி வெந்துபோகும். மீற்றர் வைத்துப் பார்த்தால் நல்ல பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4க்கு இறங்கினால் சார்ஜ் தேவை. தண்ணீர் ஊற்றும் வகையாயின் பற்றரித் தண்ணீரே ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் கூடாது.

செயினைத் துடைத்து ஒயில் பூசுங்கள். வண்டியை நடு ஸ்டேன்டில் நிறுத்தி, இரண்டு டயருக்கும் அளவான காற்று அடித்து, முடிந்தால் முன் சக்கரமும் நிலத்தில் படாதவாறு எஞ்சினுக்குக் கீழ் பலகை கொடுங்கள். இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை சக்கரத்தைச் சற்று உருட்டி வைத்தால் டயர் ஒரே இடத்தில் அமுங்காது.

எங்கே வைப்பது?

வியாபாரிகள் விசேடமாகக் கவனிக்க வேண்டிய விடயம் இது. நாம் வண்டியைக் கடையின் களஞ்சிய அறையில் தள்ளி வைப்பது வழக்கம். அங்கே உப்பு மூட்டை, கருவாடு, உர மூட்டை என்பன இருக்கும். உப்பும் உரமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நிக்கல் பூச்சும் வயர் முனைகளும் முதலில் போகும். எனவே வண்டிக்கு வேறு இடம் தேடுங்கள். பொலித்தீன் உறையால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் புடவை போதும்.

அரிசி மூட்டை உள்ள இடத்தில் எலியும் உண்டு. அது சீட்டின் பஞ்சிலும் எயார் ஃபில்டர் பெட்டியிலும் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். குளவி தன் மண்கூட்டால் தாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும். அப்போது பெற்றோல் இறங்காது. சைலன்சர் வாயில் துணி அடைத்து, மறக்காமலிருக்க ஹேண்டிலில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டுங்கள். களுகங்கையின் வெள்ளத்தை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் கண்ட இரத்தினபுரிக்காரர்களுக்கு, தாழ்வான இடத்தில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இது நன்மையைவிடத் தீமையே செய்யும். எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தினால் எரிந்த புகையிலுள்ள நீர் சைலன்சரிலும் ஒயிலிலும் தங்கிவிடும். வீட்டில் நம்பிக்கையான ஒருவர் இருந்தால் 15, 20 நிமிடம் பாதையில் ஓட்டட்டும். இல்லாவிட்டால் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒப்படைத்துச் செல்லும்போது

வண்டியை ஒருவரிடம் ஒப்படைத்துப் போனால் அது அமானிதம். உரிமையாளரின் அனுமதியின்றி அதை ஓட்டுவது ஆகுமானதல்ல. ஓட்டினால் நட்டத்துக்கு அவரே பொறுப்பு. ஆனால் நாமும் வாய் திறந்து எதுவும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிறகு மனஸ்தாபப்படுகிறோம். யார் ஓட்டலாம், பழுதானால் யார் செலவு, விபத்தானால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒரு சின்ன வண்டியால் அண்ணன் தம்பி உறவு முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் எப்போது முடிகின்றன என்று போகுமுன் பாருங்கள். தாமதித்துப் புதுப்பித்தால் தண்டப்பணம் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மாத்திரம் இருந்தால் நிற்கும் வண்டி களவு போனாலும் எரிந்தாலும் எதுவும் கிடைக்காது.

திரும்ப எடுக்கும்போது

வந்த அன்றே கிக்கரை மிதித்து மல்லுக்கட்ட வேண்டாம். சைலன்சர் துணியை எடுங்கள். எலிக்கூடு உண்டா என்று பாருங்கள். பழைய பெற்றோல் இருந்தால் இறக்கிப் புதியது ஊற்றுங்கள். ஒயில் அளவு, டயர் காற்று, இரண்டு பிரேக் என்பவற்றைச் சரிபாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் கிளச் தகடுகள் ஒட்டியிருக்கும். எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினால் விடுபடும். சுவிட்ச் இல்லாமல் சில தரம் கிக்கரை மிதித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நாளிலேயே பாரமேற்றி மலைப் பாதைக்குப் போகாதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் போவது பணம் மாத்திரமல்ல.

வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரு வார்த்தை. மீற்றரில் கிலோமீற்றர் குறைவு என்பதற்காக வண்டி புதிது என்று அர்த்தமல்ல. வாங்குபவர் தாங்கிக்குள் டோர்ச் அடித்துத் துரு உண்டா என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தையும் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். விற்பவர், வண்டி எவ்வளவு காலம் நின்றது என்பதைத் தானாகவே சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இராது.

கணக்குப் பாருங்கள். தயார்ப்படுத்தச் செலவாவது ஒரு போத்தல் ஒயில், கொஞ்சம் கிரீஸ், அரை நாள் வேலை. கவனியாமல் விட்டால் புதுப் பற்றரி, காபரேட்டர் கழுவும் கூலி, செயின், டயர், இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பள நாளில் தோட்டத்துக்குப் போக முடியாமல் நின்ற வசூல். எது இலாபம் என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வல்ல அல்லாஹ் நமது முதலையும் உழைப்பையும் பாதுகாத்து, பிரயாணம் போனவர்களை நலமாகத் திரும்பக் கொண்டு வந்து சேர்ப்பானாக.