உங்களுக்குத் தெரியுமா? ‘ஓரளவு’ என்பதற்கும் கணக்கு உண்டு

வழக்கமான கணிதத்தில் ஒரு பொருள் ஒரு கணத்துக்குள் (set) இருக்கும், அல்லது வெளியே இருக்கும். நடுவில் நிற்க இடமில்லை. பாகூவில் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி ஜாதே 1965-இல் இந்தக் கறாரைத் தளர்த்தினார். அவருடைய ‘ஃபஸி கணத்தில்’ உறுப்பாக இருப்பதற்கு 0 முதல் 1 வரை அளவு உண்டு. 170 செ.மீ. உள்ளவர் ‘உயரமானவர்’ என்பதற்கு 0.5, 180 செ.மீ. என்றால் 0.8 என வைத்துக்கொள்ளலாம். இதை நிகழ்தகவு என்று குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நிகழ்தகவு, ஒன்று நடக்குமா என்பதன் அளவு. ஃபஸி எண்ணோ, ஒன்று எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு.

1970-இல் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மனும் ஜாதேயும் இதை முடிவெடுக்கும் முறையாக்கினார்கள். உதாரணத்துக்கு, வாடகைக்கு மூன்று வீடுகள். ‘வாடகை குறைவு’, ‘அலுவலகம் பக்கம்’ என்ற இரண்டிலும் முதல் வீட்டுக்கு 0.9, 0.3, இரண்டாவதற்கு 0.6, 0.7, மூன்றாவதற்கு 0.4, 0.9. ஒவ்வொன்றிலும் சிறிய எண்ணை மட்டும் எடுத்தால் 0.3, 0.6, 0.4. இவற்றில் பெரியது 0.6 என்பதால் இரண்டாவது வீடே தேர்வு. ஒன்றில் அசத்தி மற்றொன்றில் சொதப்பும் வீடு இங்கே தேறாது. எண்களைத் தருவது மனிதர்தான். அவை பிசகினால் விடையும் பிசகும்.

ஜப்பானின் செண்டாய் நகரில் 1987-இல் திறக்கப்பட்ட சுரங்க ரயிலின் வேகத்தையும் பிரேக்கையும் ஃபஸி முறையே கட்டுப்படுத்தியது. வாஷிங் மெஷினில் எழுதியிருக்கும் ‘ஃபஸி லாஜிக்’ இதன் வழி வந்ததுதான்.