நோய்ச் செலவும் குடிகளின் காப்பும்

திருமறையில் வரும் நல்ல சமாரியன், அடிபட்டவன் காயத்தைக் கட்டியதோடு நில்லாமல், சத்திரத்தானிடம் பணமுங் கொடுத்து, மேலாகுஞ் செலவையுந் தானே ஏற்றான். நோயாளிக்கு மருந்தும் வேண்டும். அம்மருந்தின் விலையால் அவன் குடி கெடாதிருத்தலும் வேண்டும். ஒரு நாட்டு மக்கள் இவ்வகையில் எவ்வளவு காக்கப்பட்டுள்ளனர் என்பதை அளப்பது எங்ஙனம்? வைகை தோன்றும் வருசநாட்டை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

முதல் அளவை, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையினின்று நேரே கொடுக்கும் பங்கு. இந்திய அரசின் கணக்குப்படி இது 2013-14-ல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்து, 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்தது. மகிழத்தக்கதே, ஆயினும் இது சராசரி. எக்குடும்பம் தாங்கிற்று, எக்குடும்பம் வீழ்ந்தது என்பதை இஃது உரையாது.

ஆகவே குடும்பந்தோறும் அளக்கும் முறை எழுந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற வளர்ச்சி இலக்குகளின்கீழ், மொத்தச் செலவில் பத்திலொரு பங்கு, அல்லது கால் பங்கு, மருத்துவத்திற்கே போயின் அக்குடும்பம் இடருற்றதென்று கொண்டனர். 2025-ல் இதனைத் திருத்தினர். இன்றியமையாத் தேவைக்குரிய தொகையைக் கழித்து, எஞ்சியதில் நூற்றுக்கு 40-க்கு மேற்படின் இடர் என்பது புதிய விதி.

இலவம் பஞ்சு எடுக்குங் கூலிக்குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கற்பிப்போம். ஆண்டுச் செலவு ரூ. 1,20,000, அதில் மருத்துவத்திற்கு ரூ. 11,000. பத்திலொரு பங்கை எட்டாமையால், பழைய விதிப்படி இக்குடும்பம் பிழைத்தது. இன்றியமையாதவற்றிற்கு ரூ. 96,000 கழித்தால் எஞ்சுவது ரூ. 24,000, அதில் நூற்றுக்கு 40 என்பது ரூ. 9,600. புதிய விதியோ இக்குடும்பம் இடருற்றதெனக் காட்டுகின்றது. வறியவர்க்குப் புதிய கோலே நேரியது.

அரசின் காப்பும் உண்டு. தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய காப்பீடு, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 இலட்சம் வரை பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறுஞ் சிகிச்சைக்கு உதவுகின்றது. க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உளது.

ஆயினும் மலையடிவாரத்தார் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு கடந்து அங்குச் செல்லல் வேண்டும். பேருந்துக் கட்டணமும், துணை வந்தவர் இழந்த கூலியும் மேற்கூறிய கணக்கில் சேரா. இன்னொரு குறை இதனினும் பெரிது. இச்செலவுக்கு அஞ்சி, நோயோடு வீட்டிலேயே கிடப்பவனுக்கு மருத்துவச் செலவு சுழி. அட்டவணை அவனைக் 'காக்கப்பட்டவன்' என்றே எழுதும்!

ஆதலின் ஒவ்வொரு குடும்பத்திடமும் வேறிரண்டு வினாக்களையுங் கேட்டல் வேண்டும்: நோயுற்றும் மருத்துவரை நாடாதவர் யார், ஏன்? செலவிட்ட பணம் சேமிப்பா, அடகா, வட்டிக் கடனா? 2017-18-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இவற்றைக் கேட்டது. எனினும் நாடளாவிய அக்கணக்கில் ஒரு மலைப்பகுதியின் நிலை தனித்துத் தோன்றாது. ஊர்தோறுஞ் சென்று இவ்விரு வினாக்களைக் கேட்டெழுதுதல் கற்றாரால் இயல்வதே. செலவிட்டாரை மட்டுமன்றி, செலவிட இயலாது வாளாவிருந்தாரையும் எண்ணும்போதே நம் கணக்கு மெய்க்கணக்காகும்.