நண்டுக் கொடுக்கும் துத்தநாகமும்

பிச்சாவரத்துச் சேற்று நண்டை உயிரோடு விற்பவர்கள் முதலில் அதன் இரண்டு கொடுக்குகளையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அந்தக் கொடுக்கின் பிடியில் விரல் சிக்கினால் மீளாது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 1920-இல் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள் ‘கீலேட்’ என்ற பெயரை உருவாக்கினார்கள். உலோக அணுவை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அப்படிக் கவ்வுவதில் கைதேர்ந்தது 1,10-பினாந்த்ரோலின். மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டையான மூலக்கூறு. ஓரத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் அருகருகே இருக்கும். அவற்றின் நடுவே இரும்போ துத்தநாகமோ வந்தால் விடாது. இரும்போடு சேர்ந்தால் அதுதான் ஃபெரோயின். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களின் கழிவுநீருக்கு சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) பார்க்கும்போது, டைட்ரேஷன் முடிவில் நீலப்பச்சை சட்டென்று செம்பழுப்பாக மாறுவது இதனால்தான்.

புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் பினாந்த்ரோலினுக்கு வேறு வேலை. கட்டி பக்கத்துத் திசுவுக்குள் பரவ, கொலாஜன் முதலிய புரதங்களாலான வேலியை அறுத்தாக வேண்டும். அறுப்பவை எம்எம்பி நொதிகள். தலைப்பிரட்டையின் வால் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்த கிராஸும் லப்பியரும் 1962-இல் இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார்கள். மனித உடலில் இருபதுக்கும் மேற்பட்டவை உண்டு. ஒவ்வொன்றின் வெட்டுவாயிலும் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. அது இல்லாவிட்டால் நொதி வெட்டாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெலாட்டின் கலந்த மெல்லிய ஜெல்லில் கட்டியின் சாற்றை ஓடவிட்டு, இரவு முழுக்க வெதுவெதுப்பான கரைசலில் ஊறவைத்து, மறுநாள் நீலச் சாயம் ஏற்றுவார்கள். நொதி தின்ற இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதே ஜெல்லில் இன்னொரு துண்டைப் பினாந்த்ரோலின் கலந்த கரைசலில் ஊறவைத்தால் கோடே விழாது. வெட்டியது உலோக நொதி என்பதற்கு அது சாட்சி. சந்தேகம் தீராதவர்கள் 1,7-பினாந்த்ரோலினையும் வைத்துப் பார்ப்பார்கள். அணுக்கள் அதே எண்ணிக்கைதான். ஆனால் நைட்ரஜன் இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால் கவ்வ முடியாது. அதில் கோடு விழுந்தால் வாதம் முடிந்தது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இந்த நேர்மைதான்.

கட்டி இப்படிப் பரவுவதைத் தடுக்க வேறு வழிகளையும் தேடுகிறார்கள். சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர்கள் பல்லாண்டுகளாக வாய்ப்புற்றை ஆராய்கிறார்கள். புகையிலை போடும் பழக்கம் ஊறிய நாட்டில் அது அவசியமான வேலை. வெள்ளெலியின் கன்னப்பையில் டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளைத் தடவிப் புற்றை உண்டாக்கி, வேம்பிலுள்ள அசாடிராக்டின், நிம்போலைடு ஆகியவை அதைத் தடுப்பதை 2009-இல் வெளியிட்டார்கள். கட்டியின் ஊடுருவலும் அதில் குறைந்தது.

பினாந்த்ரோலின் மருந்தல்ல. நல்ல நொதி, கெட்ட நொதி என்று பாராமல் உலோகத்தைப் பிடுங்கும். உடம்பிலிருந்து உலோகத்தை இழுத்துவிட்டால் புற்று போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். எம்எம்பியைக் குறிவைத்தே செய்த மாரிமாஸ்டாட் என்ற மருந்துகூட நோயாளிகளுக்கு மூட்டுவலியைக் கொடுத்ததே தவிர, எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அந்த நொதிகள் ஆரோக்கியமான திசுவுக்கும் வேண்டியவை. எம்எம்பி தடுப்பானாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நமக்குப் பழகிய கிருமிக்கொல்லி டாக்சிசைக்ளின்: 1998-இல், ஈறு நோய்க்கு, கிருமியைக் கொல்லாத அளவுக்குக் குறைந்த 20 மில்லிகிராமில்.