பாலைவனத்து வெட்டுக்கிளி

வெட்டுக்கிளியைப் பார்க்காதவர் யார்? வயல் வரப்பில் நடந்தால் காலடியில் தத்தி ஓடும். பிள்ளைகள் பிடித்து விளையாடுவார்கள். நாலு இலையைத் தின்னும். அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் பயப்படுவது இல்லை.

ஆனால் 2020ஆம் ஆண்டு மே மாதம் எல்லோரும் பயந்தார்கள். அப்போது கொரோனா ஊரடங்கு. வீட்டில் இருந்தவர்கள் தொலைக்காட்சியில் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரத்தின் மேல் வெட்டுக்கிளிக் கூட்டம் பறந்தது. மொட்டை மாடி, மரம், சுவர் எங்கும் வெட்டுக்கிளி. பிறகு அது மத்தியப் பிரதேசத்துக்குப் போனது. மகாராஷ்டிராவில் நாக்பூர் பக்கமும் வந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரி கிராமத்தில் எருக்கஞ் செடிகளில் வெட்டுக்கிளிகள் கூட்டமாக இருந்தன. வாழையிலும் இருந்தன. "வந்துவிட்டது!" என்று ஊர் கலங்கியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது பாலைவனத்து வெட்டுக்கிளி இல்லை, நம் பக்கத்து வகைதான் என்றார்கள்.

மக்கள் பயந்ததில் தப்பில்லை. இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே பெயர். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

பாலைவனத்து வெட்டுக்கிளி எங்கே இருக்கும்? ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் இருந்து அரேபியா, ஈரான், பாகிஸ்தான் வழியாக நம் ராஜஸ்தான் வரை உள்ள வறண்ட நிலம்தான் அதன் வீடு. அங்கே சாதாரணமாக அது தனியாகத்தான் வாழும். மணல் நிறத்தில் இருக்கும். யாருக்கும் தொல்லை இல்லை.

பாலைவனத்தில் நல்ல மழை பெய்தால் கதை மாறுகிறது. ஈரமான மணலில் பெண் வெட்டுக்கிளி முட்டை இடும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு வரும். குஞ்சுக்கு இறக்கை கிடையாது. தத்தித் தத்திப் போகும். மழைக்கு முளைத்த புல்லைத் தின்று பெருகும். பிறகு மண் காயும். புல் குறையும். மிச்சம் இருக்கும் பச்சையைத் தேடி எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கும். அப்போது ஒன்றின் பின்னங்காலில் மற்றொன்று ஓயாமல் இடிக்கிறது. இந்த இடிதான் காரியத்தைக் கெடுக்கிறது. சில மணி நேரத்தில் அதன் குணம் மாறிவிடுகிறது. தனியாக விலகிப் போனது, இப்போது கூட்டத்தைத் தேடுகிறது. நாள் ஆக ஆக நிறமும் மாறுகிறது. குஞ்சு மஞ்சளும் கறுப்புமாக ஆகும். இறக்கை முளைத்ததும் இளஞ்சிவப்பு. முட்டையிடும் வயதில் மஞ்சள்.

இப்படி மாறும் வெட்டுக்கிளிகளை முன்பு இரண்டு வேறு இனம் என்றே படித்தவர்களும் நினைத்தார்கள். 1921இல் உவாரவ் என்ற அறிஞர் வேறொரு வகை வெட்டுக்கிளியை ஆராய்ந்தார். தனியாக வாழ்வதும் கூட்டமாக வாழ்வதும் ஒரே இனம்தான் என்று காட்டினார். பாலைவனத்து வெட்டுக்கிளியும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாம். ஒரு வெட்டுக்கிளி ஒரு நாளில் தன் எடை அளவு தின்னும். அது சுமார் 2 கிராம். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் அந்தச் சிறிய கூட்டம் 35,000 பேர் சாப்பாட்டை ஒரே நாளில் தின்றுவிடும்.

இது காற்றோடு பறக்கும். ஒரு நாளில் 100 கிலோமீட்டருக்கு மேலும் போகும். 1988இல் ஆப்பிரிக்காவில் இருந்து அட்லாண்டிக் கடலையே தாண்டி மேற்கிந்தியத் தீவுகள் வரை போனது.

2020இல் வந்ததற்கு விதை 2018இல் விழுந்தது. அந்த ஆண்டு மே மாதமும் அக்டோபரிலும் இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். மூன்று தலைமுறை வெட்டுக்கிளி பெருகியதை யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கும் போனது, ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. வழக்கமாக மழைக்காலத்தில்தான் வரும். அந்த முறை ஏப்ரல், மே மாதமே வந்துவிட்டது. ராஜஸ்தானில் அப்போது வயலில் பயிர் இல்லை. பச்சை தேடிக் காற்றோடு கிழக்கே போனது. அதனால்தான் பழக்கம் இல்லாத ஊர்களில் எல்லாம் அதைப் பார்த்தார்கள்.

கர்நாடக அரசு பீதர் போன்ற வட மாவட்டங்களை உஷார்ப்படுத்தியது. மைசூருக்கு அது வரவில்லை. நாக்பூரில் இருந்து மைசூருக்கு சுமார் 1,000 கிலோமீட்டர். தூரம் மட்டும் காரணம் இல்லை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கும். அது கூட்டத்தை வடக்கே தள்ளிவிடும்.

ராஜஸ்தானில் இதற்காகவே வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு வேலை செய்கிறது. 1939இல் தொடங்கியது. ஜோத்பூரில் அலுவலகம் உண்டு. ஊழியர்கள் பாலைவனத்தில் சுற்றிப் பார்த்து, முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே மருந்து அடிக்கப் பார்க்கிறார்கள். இறக்கை முளைத்த பிறகு வேலை கடினம். 2020இல் டிரோன் வைத்தும் மருந்து அடித்தார்கள்.

மைசூர் பக்கமும் கிருஷ்ணகிரி பக்கமும் எருக்கஞ் செடியில் ஒரு வெட்டுக்கிளி இருக்கும். மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் பளிச்சென்று தெரியும். கூட்டமாக இருந்தாலும் வானத்தை மறைத்துப் பறக்காது. பயிரைப் பார்க்காமல், நிறத்தை மட்டும் பார்த்துப் பயந்து காசு கொடுத்து மருந்து வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் இரண்டைப் பாட்டிலில் போட்டு வேளாண்மை அலுவலகத்தில் காட்டலாம். பிடிக்கும்போது மட்டும் கவனம். எருக்கம்பால் தின்று வளர்ந்தது. குஞ்சைத் தொட்டால் ஒரு நீரைப் பீய்ச்சி அடிக்கும்.