அடைமழையும் வீட்டுக் குழாயும்

பனிநாடுகளில் நீர் உறைந்து குழாய் வெடிப்பதுண்டு. தாம்பரத்தில் நம் குழாய்களுக்குப் பகை ஐப்பசி, கார்த்திகை அடைமழையே. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் இங்கு ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து, அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுள் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம்.

குழாயில் நீர் ஓடுங்கால் விரிசல் வழியே நீர் வெளியே கசியும். ஓட்டம் நின்றதும் அவ்விரிசலே சுற்றிலும் தேங்கிய சாக்கடை நீரை உள்ளிழுத்துவிடும். சொட்டுத்தானே என்று விடுவது பெருந்தவறு. நீர் ஏறவில்லையென்று குழி தோண்டித் தாழ்வாகக் குழாய் வைக்கும் வழக்கம் இன்னும் கேடானது. மழையில் குழாய் வாயே மூழ்கிவிடும். இவற்றை மழைக்கு முன்பே சீர்செய்விப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை.

வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியை இறைத்துக் கழுவிப் புதுநீர் நிரப்புக. 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி கழித்துப் புழங்கலாம். குடிநீரைக் காய்ச்சியே பருகுக.